கடை மூடியிருந்த 43 நாள்: 2020 ஊரடங்கில் ஒரு மதுரைக் குடும்பம்

பின்னணி

நான் மதுரையில் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை. என் மாணவி ஒருத்தியின் வீட்டில் 2020 மார்ச் முதல் 2021 பிப்ரவரி வரை நடந்ததை, அந்த வீட்டாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களையும் தெருவையும் விட்டுவிட்டேன். குடிக்கிறவர் உள்ள வீடுகளோடு பழகும் ஆசிரியர்கள், செவிலியர்கள், தன்னார்வலர்கள் படிக்க வேண்டும் என்பதே என் எண்ணம். நான் தவறிய இடங்களையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் ஐந்து பேர். அப்பாவுக்கு 41 வயது, பெயின்டர். வேலை இருக்கும் நாளில் 750 ரூபாய் கூலி. மாதத்தில் 20 நாள் வேலை கிடைத்தால் பெரிது. அம்மாவுக்கு 36 வயது, இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து வந்தார். அப்பத்தா பூக்கட்டும் கூலிக்காரர். மூத்தவள் என் மாணவி, வயது 15. தம்பி நான்காம் வகுப்பு. ஆறு குடித்தனம் இருக்கும் காம்பவுண்டு வீட்டில் ஒற்றை அறையும் சின்ன அடுப்படியும் இவர்களுடையது. குழாயும் கழிப்பறையும் பொது. வாடகை 3,000.

அப்பா பன்னிரண்டு வருடமாகக் குடிக்கிறவர். தினமும் இரண்டு குவார்ட்டர், ஞாயிற்றுக்கிழமை கணக்கில்லை. நாளுக்கு 250 ரூபாய்க்குக் குறையாமல் அதில் போய்விடும். அடிக்கிற ஆள் இல்லை. இரவில் சத்தம் போடுவார், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார், அழுவார். 2019 டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு நடந்த வாரம் முழுக்க வீட்டில் இந்தச் சத்தம்தான் என்பதை அந்தப் பெண் எனக்குப் பின்னால்தான் சொன்னாள். அந்தத் தேர்வில் அவள் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்து வகுப்பிலேயே கடிந்துகொண்டவள் நான்.

மார்ச் 24 முதல் 28 வரை

மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. டாஸ்மாக் கடைகளும் மூடின. அன்று இரவே நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அப்பா கடை மூடுவதற்கு முன் வரிசையில் நின்று நான்கு குவார்ட்டர் வாங்கி வந்திருக்கிறார். மார்ச் 25 இரவோடு அவை தீர்ந்துபோயின.

பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 27 அன்று தொடங்கியிருக்க வேண்டும். அது தள்ளிப்போயிருந்ததால், அன்று பிள்ளைகளை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, படிப்பை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் எடுத்ததும், "அப்பாவுக்குக் கை நடுங்குது டீச்சர், நேத்துல இருந்து தூங்கவே இல்லை" என்றாள். நான் கேட்டது ஒரே கேள்வி: "காய்ச்சல் இருக்கா?" இல்லை என்றாள். சரி, பயப்படாதே, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல் என்று சொல்லிவிட்டு, கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வாரத்தில் காய்ச்சலைத் தவிர வேறு நோய் எதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

28 காலை ஏழு மணிக்கு அவளே கூப்பிட்டாள். சுவரில் எறும்பு வரிசையாகப் போவதாகவும், பரணில் யாரோ உட்கார்ந்திருப்பதாகவும் அப்பா சொல்கிறாராம். வேர்த்துக் கொட்டுகிறதாம். தம்பியை யார் என்று கேட்கிறாராம். அம்மா போனை வாங்கி, "பேய் பிடிச்ச மாதிரி பண்றாரு டீச்சர், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனா எங்க எல்லாரையும் பிடிச்சு வச்சுக்குவாங்களோன்னு இருக்கு" என்றார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மார்ச் 25 அதிகாலையில் மதுரையில்தான் நிகழ்ந்தது. அரசு மருத்துவமனை என்ற பேச்சை எடுத்தாலே காம்பவுண்டில் மற்ற குடித்தனக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அப்பத்தா விபூதி மந்திரித்துப் பூசலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் 104 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழைத்தேன். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பழக்கம் உண்டா, கடைசியாக எப்போது குடித்தார்?" முந்தைய நாள் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. உடனே 108 வரவழைத்து மருத்துவமனையில் சேருங்கள், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்றார். அம்மா போகச் சம்மதித்தார். பிள்ளைகள் அப்பத்தாவோடு இருந்தார்கள்.

மருத்துவமனையில் ஆறு நாள்

பல வருடம் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காது. கடைசியாகக் குடித்து அரை நாளுக்குள் நடுக்கமும் வேர்வையும் தொடங்கிவிடும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை குழப்பம், இல்லாத உருவங்களைப் பார்ப்பது, நினைவு தடுமாறுவது எல்லாம் வரலாம். மருத்துவர்கள் இதை டெலிரியம் என்றார்கள். வைட்டமின் பி1 ஊசி போட்டார்கள். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்தார்கள். மூன்றாம் நாள் அவர் மனைவியை அடையாளம் கண்டு, "பிள்ளைக சாப்பிட்டுச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

ஏப்ரல் 3 அன்று வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு மருத்துவர் அம்மாவிடம் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். மறுபடி குடிக்க ஆரம்பித்து மறுபடி சட்டென்று நிறுத்தினால், அடுத்த தடவை இதைவிட மோசமாக வரலாம். அதனால் மறுபடி குடித்துவிட்டால் மறைக்காமல் இங்கே கூட்டி வாருங்கள். இந்த வாக்கியம் மே மாதத்தில் அந்த வீட்டைக் காப்பாற்றியது.

ஏப்ரல்

வீட்டுக்கு வந்தவர் புது ஆளாக வரவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஐந்து பேர், வெயில் ஏறும் மாதம், கையில் காசில்லை, அவருக்கோ தூக்கம் வரவில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். அம்மா வேலை செய்த வீடுகளில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் மார்ச் சம்பளத்தை முழுசாகக் கொடுத்தார்கள். ரேஷன் அட்டைக்கு அரசு கொடுத்த 1,000 ரூபாயும், விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வந்தன. அரிசி இருந்தது, காய்தான் இல்லை. மோரும் ஊறுகாயுமாக ஏப்ரல் ஓடியது.

அந்தப் பெண் அடுப்படிச் சுவரில் தொங்கிய தினக்காட்டி அட்டையில் மார்ச் 26 முதல் தினமும் ஒரு கோடு போட்டு வந்தாள். அப்பா குடிக்காத நாள் கணக்கு. எனக்கு அது தெரிந்தபோது சந்தோஷப்பட்டேன், பாராட்டவும் செய்தேன். அது சரியா என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

ஏப்ரல் நடுவில் நடந்த ஒன்றைத்தான் இந்த வீட்டின் திருப்பம் என்று நான் கருதுகிறேன். பெயின்டர் வீடு ஆயிற்றே, பரணில் ஐந்து லிட்டர் தின்னரும் பாதி டின் வார்னிஷும் இருந்தன. சாராயம் கிடைக்காமல் வார்னிஷ் குடித்து இறந்தவர்கள் பற்றிய செய்தி தொலைக்காட்சியில் வந்தது. வீடே அமைதியானது. யாரும் பரணைப் பார்க்கவில்லை, எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரம் கழித்து அவரே அம்மாவிடம், "அந்த டின்ன எல்லாம் எடுத்துட்டுப் போயி ஓனர் மாடியில வச்சுட்டு வந்துரு. நான் கேட்டாலும் குடுக்க வேணாம்னு சொல்லு" என்றார். அப்பத்தா அவர் தலையைத் தடவிக் கொடுத்து, "என் ராசா" என்று அழுதாராம்.

அதுவரை அவர் குடிக்காமல் இருந்தது கடை மூடியிருந்ததால். முதல் முறையாக அவராக எடுத்த முடிவு இது.

கணக்கு நோட்டு

போனில் பேசும்போதெல்லாம் அம்மா, "கடனை நெனச்சாத்தான்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். எவ்வளவு என்று கேட்டால் சொல்ல மாட்டார். அப்பாவுக்கு மனதில் ஒரு தொகை, அம்மாவுக்கு ஒரு தொகை. மூத்தவளுக்கோ, தன்னைப் படிப்பிலிருந்து நிறுத்தி மில் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிற பயம். ஆளுக்கொரு கடனை மனதில் வைத்துக்கொண்டு பயந்துகொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள் என்றேன். நான் கணக்கு டீச்சர், எனக்குத் தெரிந்த வழி அதுதான். எழுதும் வேலையை என் மாணவியிடம் கொடுத்தேன். ஏப்ரல் 20 வாக்கில் ஒரு மதியம் ஐந்து பேரும் உட்கார்ந்து எழுதினார்கள். மகளிர் குழுக் கடன் மீதி 31,000. அடகில் இருந்த தோட்டுக்கு 22,000. அப்பா யாருக்கும் தெரியாமல் வாங்கிய தண்டல் 8,000. வாடகை பாக்கி 6,000. பலசரக்குக் கடையில் 2,300. மொத்தம் 69,300.

அம்மாவுக்குத் தண்டல் விஷயம் அன்றுதான் தெரியும். பெரிய சண்டை வந்தது. ஆனால் அப்பத்தா, மொத்தம் ஒன்றரை லட்சம் இருக்கும் என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தாராம். "அவ்வளவுதானா?" என்று அவர் கேட்டதும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது என்று அந்தப் பெண் சொன்னாள். ஊரடங்கு தொடங்கிய பிறகு அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்ததாக நான் கேட்டது அப்போதுதான்.

நோட்டின் அடுத்த பக்கத்தில் எதை முதலில் கட்டுவது என்று வரிசை போட்டோம். வங்கிகளும் கடன் நிறுவனங்களும் மார்ச் முதல் மே வரையிலான தவணைகளுக்கு அவகாசம் தரலாம் என்று ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று அறிவித்திருந்தது. குழுக் கடன் வசூலிப்பவர் அதைச் சொல்லாமல் தவணை கேட்டு போன் செய்துகொண்டிருந்தார். அம்மா அந்த அறிவிப்பைச் சொல்லி அவகாசம் கேட்டார், கிடைத்தது. வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பதையும் நோட்டில் எழுதினோம். தண்டலுக்கு எந்த அவகாசமும் கிடையாது. அதனால் முதலில் முடிக்க வேண்டியது தண்டல் என்று முடிவானது. குழுக் கடன் அவகாசத்தால் மிஞ்சும் பணத்தை அதற்குத் திருப்பினால் வட்டி கொஞ்சமாவது குறையும் என்பது கணக்கு.

மே 4

மே 4 காலை மீனாட்சி திருக்கல்யாணம். சித்திரைத் திருவிழா இல்லாத மதுரையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தேரும் இல்லை, அழகர் ஆற்றில் இறங்கவும் இல்லை. திருக்கல்யாணம் மட்டும் பக்தர்கள் இல்லாமல் கோயிலுக்குள் நடந்தது, நேரலையில் பார்த்தோம். காம்பவுண்டுப் பெண்கள் எல்லாம் அவரவர் வீட்டில் டிவி முன்னால் தாலிக்கயிறு மாற்றினார்கள். இந்த வீட்டில் அம்மா மாற்றிக்கொள்ளும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருடமாக அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்ததில்லை.

அன்றே செய்தி வந்தது: மே 7 முதல் டாஸ்மாக் கடைகள் திறக்கும்.

அம்மா எனக்குப் போன் செய்து கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், "திறக்காமலே இருந்திருக்கலாம் டீச்சர்" என்றார்.

மே 7

வயதுவாரியாக நேரம் பிரித்திருந்தார்கள். 50 வயதுக்கு மேல் பத்திலிருந்து ஒரு மணி வரை, 40 முதல் 50 வரை ஒன்றிலிருந்து மூன்று, அதற்குக் கீழே மூன்றிலிருந்து ஐந்து. இதைச் செய்தியில் பார்த்த என் மாணவி, "அப்பாவுக்கு ஒண்ணுல இருந்து மூணு" என்றாள். அந்த இரண்டு மணி நேரத்தைக் கடத்தினால் போதும் என்பது அவள் திட்டம்.

அம்மா வீட்டு உரிமையாளரிடம் பேசினார். வாடகை பாக்கி 6,000 ரூபாய்க்குப் பதிலாக, காம்பவுண்டுச் சுவரையும் குழாயடியையும் வெள்ளையடித்துக் கொடுக்கிறோம். அவர் ஒத்துக்கொண்டு சுண்ணாம்பும் பெயின்டும் வாங்கிக் கொடுத்தார். ஆறு வாரமாகப் பிரஷ் பிடிக்காத மனிதருக்கு வாசலிலேயே வேலை. மே 7 அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு ஆரம்பிப்பது என்று வேண்டுமென்றே வைத்துக்கொண்டோம்.

இரண்டு மணிக்கு அவர் பிரஷைக் கீழே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டார். அம்மா கூப்பிடவில்லை, கூப்பிட்டால் கோபம் வரும் என்று தெரியும். கால் மணி நேரத்துக்கு மேல் கேட்டிலேயே நின்றிருக்கிறார். அப்பத்தா ஒரு சொம்பில் நீராகாரம் கொண்டுபோய், "குடிச்சிட்டுப் போய்யா, எங்க போறதா இருந்தாலும்" என்று நீட்டினார். குடித்தார், சொம்பைக் கொடுத்தார், சட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி பிரஷை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மே 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூட உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் மே 15 அன்று அந்த உத்தரவை நிறுத்திவைக்க, மே 16 அன்று டோக்கன் முறையில் மறுபடி திறந்தார்கள். அன்றும் அவர் போகவில்லை. நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்தோம்.

மே 23

கட்டட வேலைகள் மெல்ல ஆரம்பித்தன. மே 22, 23 இரண்டு நாள் வெளி வேலை, கையில் 1,500 ரூபாய். கூட வேலை பார்த்தவர்கள் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை இரவு குடித்துவிட்டு வந்தார். 58 கோடு போட்டிருந்த பெண் அந்த அட்டையைக் கிழித்துவிட்டாள். ஞாயிறும் திங்களும் குடித்தார்.

கடை திறக்கும் நாளை எல்லோரும் சேர்ந்து காவல் காத்தோம். முதல் கூலி கைக்கு வரும் நாளை ஒருவரும் யோசிக்கவில்லை. பன்னிரண்டு வருடமாகக் கூலியும் குடியும் ஒரே மாலையில் வந்தவை. வேலையில்லாத 43 நாளில் கடை மட்டுமில்லை, கூலியும் இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

இந்த முறை அம்மா தாமதிக்கவில்லை. மருத்துவர் சொன்னதை நினைவில் வைத்து, மே 26 காலையிலேயே அவரைப் புறநோயாளிப் பிரிவுக்குக் கூட்டிப் போனார். மனநல மருத்துவர் பார்த்து, மாத்திரை எழுதிக் கொடுத்து, வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார். வீட்டிலேயே இருந்தார், நடுக்கம் மட்டும் இரண்டு நாள் இருந்தது.

அதன்பின் ஒரு ஏற்பாடு செய்தார்கள், யோசனை அம்மாவுடையது. மேஸ்திரியிடம் பேசி, கூலியை வாரம் ஒருமுறை அம்மாவிடம் கொடுக்கச் சொல்வது. தினமும் டீக்கும் பஸ்ஸுக்கும் 100 ரூபாய் அவர் கையில். முதலில் அவர் மறுத்தார். "என் கூலி என் கைக்கு வராதா?" என்ற கேள்வி நியாயமானது. ஆறு மாதத்துக்கு மட்டும், அதுவும் மேஸ்திரியிடம் அவரே போய்ச் சொல்வது என்று ஆனதும் சம்மதித்தார். வேறு யாராவது போய்ச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

ஜூன் 9

பத்தாம் வகுப்புத் தேர்வை ஜூன் 15 அன்று வைப்பதாக இருந்தது. ஜூன் 9 அன்று முதலமைச்சர் தேர்வை ரத்து செய்து, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம்.

நோய் பரவிக்கொண்டிருந்த நேரத்தில் அது தேவையான முடிவுதான். பெற்றோர்கள் நிம்மதி அடைந்தார்கள். இவள் மட்டும் அழுதாள். ஏப்ரல், மே இரண்டு மாதமும், வீடு அடங்கியிருந்த அந்த நாட்களில், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து குழாயடி விளக்கில் படித்திருந்தாள். அது எதுவும் கணக்கில் வராது. சத்தத்துக்கு நடுவில் எழுதிய அரையாண்டுதான் கணக்கில் வரும். ஆகஸ்ட் 10 அன்று முடிவு வந்தது, 500க்கு 271. கணக்கு, உயிரியல் எடுக்க ஆசைப்பட்டவளுக்கு வணிகவியல் பிரிவு கிடைத்தது. அவளிடம் சொல்ல என்னிடம் சரியான வார்த்தை எதுவும் இல்லை, இப்போதும் இல்லை.

அப்புறம் நடந்தது

ஜூன் 24 முதல் ஜூலை நடு வரை மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு. இந்த முறை வீட்டில் பீதி இல்லை. வேலை நின்றதும் நோட்டை எடுத்து வைத்து, எந்தக் கடனை எத்தனை வாரம் தள்ளலாம் என்று பார்த்தார்களாம். செப்டம்பரில் தண்டல் முடிந்தது. தீபாவளிக்கு அவர் ஒருநாள் குடித்தார், மறுநாளே மருத்துவமனைக்குத் தானாகப் போனார். அம்மாவுக்கு இரண்டு வீட்டில் ஒரு வீட்டு வேலை மட்டும் திரும்பக் கிடைத்தது. தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. ஆறு மாதம் முடிந்த பிறகும் கூலி ஏற்பாட்டை மாற்ற வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

இன்னொரு முறை என்றால்

மார்ச் 24 அன்றே, குடிக்கிறவர் உள்ள வீடுகள் எவை என்று பட்டியல் எடுத்துப் போன் செய்வேன். எந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஆசிரியர்களுக்குப் பெரும்பாலும் தெரியும். கை நடுக்கம் என்று கேட்டவுடன் காய்ச்சலைக் கேட்காமல், கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்பேன். 27க்கும் 28க்கும் நடுவில் போன அந்த ஒரு இரவில் அவருக்கு வலிப்பு வந்திருக்கலாம்.

மறுபடி குடித்துவிட்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே வீட்டில் பேச வைப்பேன். அப்படிப் பேசினால் அபசகுனம் என்று நினைத்து நாங்கள் எல்லோரும் தவிர்த்தோம்.

என்னை அதிகம் உறுத்துவது கோடு போட்ட அந்த அட்டை. அப்பா குடிக்காமல் இருப்பதை எண்ணும் வேலையைப் பதினைந்து வயதுப் பெண் எடுத்துக்கொண்டபோது நான் தடுத்திருக்க வேண்டும். நானோ பாராட்டினேன், கடன் நோட்டையும் அவள் கையிலேயே கொடுத்தேன். மே 23 அன்று அவர் குடித்து வந்ததும், தான் எங்கோ கவனிக்காமல் விட்டதால்தான் இப்படி என்று அவள் நினைத்தாள். "ரெண்டு மணி நேரத்த மட்டும் பார்த்துட்டேன் டீச்சர்" என்று என்னிடம் சொன்னாள். அதன்பின் அம்மாவிடம் பேசி, எண்ணுவதும் எழுதுவதும் இனி பெரியவர்கள் வேலை என்று மாற்றினோம். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கூட்டல் வரும், எழுத்துதான் மெதுவாக வரும்.

2021 பிப்ரவரி 8 அன்று பதினொன்றாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது. முதல் நாள் மதிய இடைவேளையில் அவள் என்னைப் பார்க்க வந்தாள். அப்பா கொடைக்கானலில் ஒரு விடுதி வேலைக்குப் போயிருக்கிறார், வாரக் கடைசியில் வருவார் என்றாள். நோட்டை யார் எழுதுகிறார்கள் என்று கேட்டேன். அம்மாதான், எழுத்துப் பிழை நிறைய வருகிறது, திருத்தவா என்று கேட்டால் விடுவதில்லை என்றாள்.